மௌனம், பத்தொன்பது விநாடி

பேச்சை எழுத்தாக்கும்போது
இருமலை அடைப்புக்குறிக்குள் போடுவோம்,
சிரிப்பையும் அப்படியே.
இரண்டு விநாடிக்குக் குறைந்த எதுவும் கணக்கில் வராது.
அது விதி.
எழுதியவள் நான்தான்.

ஊலு நகரம், ஆறு கடலில் சேரும் இடத்தில்
பதினான்கு படுக்கைகள் உள்ள இல்லம்.
சாகப்போகிறவர் கையில் களிமண்ணோ வண்ணமோ கொடுத்தால்
அச்சம் ஓர் எண்ணாவது இறங்குமா
என்பது என் ஆய்வு.
ஒன்றிலிருந்து ஏழுவரை
வாரம் ஒருமுறை அளந்தோம்,
காய்ச்சல் பார்ப்பதைப் போல.

தௌனோ பிக்கரைனென், எழுபத்தாறு வயது,
பனியுடைக்கும் கப்பலில்
முப்பத்தோரு குளிர்காலம் எஞ்சின் பார்த்தவர்.
களிமண்ணைத் தொடவில்லை.
நகத்தில் அழுக்கு சேர்ந்தது போதும் என்றார்.
சாம்பல் நிறக் காகிதமும் கத்தரியும் கேட்டார்.
வட்டம் வட்டமாக வெட்டினார்.
வெட்டி எடுத்ததைத் தாதியிடம் குப்பைக்குக் கொடுத்துவிட்டு
வெட்டுப்பட்டதை மடியில் வைத்துக்கொண்டார்.

நான்: இது என்ன?
அவர்: ஓட்டை.
நான்: எதிலுள்ள ஓட்டை?
(மௌனம், பத்தொன்பது விநாடி. ரேடியேட்டர் ஒலி.)
அவர்: ஒன்றில் மீன் கிடைத்தது.

இதை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது?
'அச்சம்' இருக்கிறது, 'ஏற்பு' இருக்கிறது,
'நினைவுகூர்தல்' இருக்கிறது, மஞ்சள் நிறத்தில்.
'மற்றவை'யில் வைத்தேன்.
பனி உருகுவதற்குள்
'மற்றவை' என் ஆய்வேட்டைவிடப் பெருத்துவிட்டது.

அச்சத்துக்கு என்ன எண் என்று கேட்டால்,
"எஞ்சின் அறையில் எந்த முள்ளும் அசையாமல் நின்றால்தான்
நாங்கள் பயப்படுவோம்" என்பார்.
நான்கு என்று எழுதிக்கொள்வேன்.
நடுவில் நின்றால் பிழை குறைவு.

எங்கள் மொழியில்
எதிர்காலத்துக்கென்று தனி வினை கிடையாது.
நாளை ஊருக்குப் போகிறேன்,
அடுத்த வருடம் படகு வாங்குகிறேன்,
எல்லாம் இப்போதே நடப்பதுபோலத்தான்.
இறந்தகாலத்துக்கு மட்டும் மூன்று வைத்திருக்கிறோம்.

"வியாழக்கிழமை முடிக்கிறேன்" என்றார் தௌனோ.
செவ்வாய் இரவு போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் தங்கை இர்யா வந்தார்.
கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"பதிவைக் கேட்க விடுவீர்களா?
பேச்சு வேண்டாம். அவன் பேசியதே கொஞ்சம்.
பேசுமுன் மூக்கால் ஒரு மூச்சு விடுவான்,
பிடிக்காததைக் கேட்டால் நீளமாக.
அது மட்டும்."

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
அந்த மூச்சு இல்லை.
இரண்டு விநாடிக்குக் குறைவு.

ஒப்புதல் படிவத்தைத் தேடி எடுத்தேன்.
'பதிவைக் குடும்பத்தாருக்குத் தரலாமா?'
ஆம் என்று ஒரு கட்டம்,
இல்லை என்று ஒரு கட்டம்.
இரண்டையும் விட்டுவிட்டு நடுவில்
கத்தரி முனையால் ஓட்டை போட்டிருந்தார்,
வட்டமாக, பிசிறில்லாமல்.

நெறிமுறைக் குழுவுக்குப் படமெடுத்து அனுப்பினேன்.
நான்கு முறை கூடிவிட்டார்கள்.
பதில் சொல்லவில்லை என்கிறார் சட்டம் படித்தவர்.
சொல்லியிருக்கிறார் என்கிறார் உளவியல் படித்தவர்.
என்ன சொன்னார் என்று கேட்டால்
அவரும் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

அதுவரை நான்
மாலைகளில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு
முதல் பதிவிலிருந்து மறுபடி கேட்கிறேன்.
மூச்சுக்கு ஒரு புள்ளி.
இருநூறைத் தாண்டிவிட்டது.
அதில் சில என்னுடையவை.
கேள்வி கேட்குமுன் நானும் மூக்கால்தான் விடுகிறேன்,
இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை.
சில இடங்களில்
யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.
புள்ளியை மட்டும் வைத்துவிட்டு நகர்கிறேன்.

வியாழக்கிழமைகளில் இர்யா வருகிறார்.
காபி குடிக்கிறார். பதிவைப் பற்றிக் கேட்பதில்லை.
சாம்பல் காகிதம் என் ஜன்னலில் ஒட்டியிருக்கிறது,
கடைசி வட்டம் பாதி வெட்டியபடி
நாக்குபோல் தொங்கிக்கொண்டு.
காற்று வந்தால் ஆடுகிறது.

கிழிந்துவிடும், ஜன்னலை மூடட்டுமா
என்றேன் ஒருநாள்.

இர்யா மூக்கால் மூச்சு விட்டார்.
நீளமாக.